பக்கவாத்தியம் யாருக்கு? பரட்டை அண்ணனும் நம் பாட்டுக்குழுக்களும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு தலைவரைப் பற்றியோ எழுத்தாளரைப் பற்றியோ பேசுவதுதான் நம் வழக்கம். இந்த முறை, பாடத் தெரியாதவர்களைப் பாட வைத்த ஒருவரை நினைவுகூரக் கூடியிருக்கிறோம். ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. 1940இல் பிறந்தவர், 2005இல் மறைந்தவர். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தொடர்பியல் சொல்லிக்கொடுத்தவர், தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர். ஆனால் மாணவர்கள் அவரைப் பேராசிரியர் என்றோ, சபைகளில் வழங்குவதுபோல ஐயர் என்றோ கூப்பிடவில்லை. 'பரட்டை அண்ணன்' என்றார்கள். பரட்டை என்பது அவருடைய புனைபெயர். '16 வயதினிலே' படத்தில் ஊர் வம்பனுக்கு வைத்த பெயரும் அதுதான். எண்ணெய் காணாத தலை யாருடைய தலை என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதைப் பெயராகவே சூடிக்கொண்டவர் அவர்.

இங்கே வந்திருப்பவர்களில் பலருக்கு ஒரு கேள்வி இருக்கும். நாம் அம்பேத்கரியர்கள். நம்மில் பௌத்தம் ஏற்றவர்கள் உண்டு, எந்தச் சாமியும் வேண்டாம் என்பவர்கள் உண்டு. ஒரு பாதிரியாரின் ஆராதனைப் பாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்விதான். அவர் பாட்டில் வரும் சாமியைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. பாட்டை அவர் யார் கையில் கொடுத்தார், எப்படிக் கொடுத்தார் என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். பாகலூரில் நாம் நடத்துகிற இந்தச் சின்னப் பாட்டுக்குழு அடுத்த ஆண்டும் இருக்குமா என்பது அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் அவர் எந்த இடத்தில் நின்று வேலை செய்தார் என்று பார்ப்போம். தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் இசைக்கும் சாதி இருந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) காலத்திலிருந்து வளர்ந்த கீர்த்தனை ஒரு பக்கம். ராகம், தாளம், செந்தமிழ், வடசொல். வேளாளக் கிறித்தவர்களின் பெருமிதம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் ஆங்கில மெட்டுக்குத் தமிழைத் திணித்துப் பாடும் ஞானப்பாட்டு. அதற்கு ஆர்கன் வேண்டும், நான்கு குரலாகப் பிரித்துப் பாடப் பழக வேண்டும், அங்கி போட்ட பாடகர் குழு வேண்டும். அது நகரத்துப் படித்த சபையின் அடையாளம். இந்த இரண்டுக்கும் வெளியே, வாசலுக்கு அப்பால், நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் பறையும் நின்றன. சபையில் பெரும்பான்மையோர் எந்த இசையில் பிறந்து வளர்ந்தார்களோ அந்த இசைக்கு மட்டும் கோயிலுக்குள் இடம் இல்லை. ஞானஸ்நானம் வாங்கியவர்கள் பறையை விட்டுவிட வேண்டும் என்பது பல இடங்களில் எழுதாத சட்டம். விட்டவர்கள் பலர் விரும்பியே விட்டார்கள். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

பரட்டை அண்ணனுக்கு இந்த மூன்று இசையும் தெரியும். கர்நாடக சங்கீத முறையிலும் மேற்கத்திய முறையிலும் அவரால் பாட்டுக் கட்ட முடியும். தெரியாததனால் நாட்டுப்புற இசைக்கு வந்தவர் அல்ல. தெரிந்துகொண்டு, எடைபோட்டு வந்தவர். 1986இல் நாட்டார் வழக்காறுகளைச் சமூக மாற்றத்துக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் தொடங்கிவைத்த தலித் இறையியல் விவாதம் அந்தப் பத்தாண்டில் சூடாக நடந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் கட்டுரை எழுதிய இடத்தில் இவர் பாட்டு எழுதினார். 1990களில் ஒரு முழு ஆராதனை முறையையே கிராமிய இசையில் அமைத்தார். ஒலிநாடாவாக வந்தது. அந்தக் கல்லூரியில் படித்துப் போன இளம் ஆயர்கள் வழியாக ஊர் ஊராகப் போனது.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தை அவர் பாட்டாக்கியபோது 'பிதாவே' என்று தொடங்கவில்லை. 'பெத்தவரே' என்றார். ஒரே சொல்லில் மூன்று காரியம் நடக்கிறது. கடவுள் ஆண் மட்டும் அல்ல, அம்மாவும் அப்பாவும் சேர்ந்த ஒருவர். வடசொல் போய்விட்டது. மூன்றாவது, அதைச் சொல்லும் வாய் எந்தத் தெருவினுடையது என்பது உடனே தெரிந்துவிடுகிறது. 'பெற்றவரே' என்று எழுதியிருந்தால்கூட அந்தத் தெரு தெரிந்திருக்காது. இப்படிப்பட்ட மொழியையா ஆண்டவர் சந்நிதியில் பேசுவது என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். கொச்சை என்றார்கள். கொச்சை என்ற சொல்லை நம் இலக்கியத்தை நோக்கியும் இந்த முப்பது நாற்பது வருடமாக வீசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். புதிதாக ஒன்றும் இல்லை.

இனி வேலை நுட்பத்துக்கு வருவோம். மாணவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அரசியல் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடும்போது முதல் சிக்கல் சுருதி. ஆண்கள் சாதாரணமாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை வேண்டும். கீர்த்தனை போலக் கீழ் ஸ்தாயி பஞ்சமத்திலிருந்து மேல் ஸ்தாயி பஞ்சமம் வரை ஏறி இறங்கும் மெட்டாக இருந்தால், எந்தச் சுருதி வைத்தாலும் பாதிப் பேருக்குத் தொண்டை அடைக்கும். அவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். பாட முடிந்த நான்கு பேர் குழு ஆகிவிடுவார்கள், மற்றவர்கள் கேட்பவர்கள் ஆகிவிடுவார்கள். நடவுப் பாட்டு பெரும்பாலும் ஐந்தாறு சுரத்துக்குள் நடக்கும். ஏன்? குனிந்து நாற்று நடுகிறவளுக்கு மூச்சு அவ்வளவுதான் மிச்சம் இருக்கும். அந்த அளவான மெட்டுக்கு நடுவாக ஒரு சுருதி வைத்தால் போதும், யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. அதோடு ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் அமைப்பு. எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், பாட்டுப் புத்தகம் வாங்கக் காசு வேண்டாம், ஆர்கன் வேண்டாம். பரட்டை அண்ணன் நாட்டுப்புற மெட்டைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் மண் வாசனை மயக்கம் எதுவும் இல்லை. யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்ற கணக்குத்தான் இருந்தது.

இன்னொன்று. பாடகர்கள் தன் பாட்டை மாற்றினால் அவர் கோபப்படவில்லை. மாற்ற வேண்டும் என்றே எதிர்பார்த்தார். அவருடைய பாட்டுகளைப் பற்றி நீண்ட ஆய்வு செய்த அமெரிக்க இசையியல் அறிஞர் சோயி ஷெரினியன் (அவருடைய புத்தகம் 2014இல் வந்தது) இதைத்தான் அழுத்திச் சொல்கிறார். கூலி வேலை செய்யும் பெண்கள் வாயில் பாட்டு போய்ச் சேரும்போது சொல் மாறுகிறது, அடி கூடுகிறது, தங்கள் ஊர்ச் சங்கதி நுழைகிறது. கர்நாடக சங்கீதத்தில் அதைப் பாடம் தப்பிவிட்டது என்பார்கள். பரட்டை அண்ணனுக்குப் பாட்டு போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியே அதுதான்.

அவர் சொன்ன 'ஒரே உலை' என்ற எண்ணமும் இதே வேரிலிருந்து வருகிறது. எல்லோர் வீட்டு அரிசியும் ஒரே பானையில் கொதித்து, எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவது. திருவிருந்தில் துளி ரசமும் துண்டு அப்பமும் கொடுப்பதைவிட அதுவே உண்மையான விருந்து என்று நினைத்தார். சாதி எங்கே வாழ்கிறது என்று பார்த்தவருக்குத்தான் அடுப்பில் கை வைக்கத் தோன்றும்.

இப்போது தலைப்பில் உள்ள சொல்லுக்கு வருவோம். பக்கவாத்தியம். சபாக்களில் பக்கவாத்தியக்காரர் என்றால் பாடகருக்குப் பக்கத்தில் உட்காருபவர். பாடகருக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று சம்பளத்தில் வித்தியாசம் இருக்கும். அது அவர்கள் பிரச்சினை. நம் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு வரலாறு. ஊரார் வீட்டுச் சாவுக்கு, ஊரார் கோயில் திருவிழாவுக்கு, ஊரார் தண்டோராவுக்கு நாம்தான் அடித்தோம். ஊர் முழுமைக்கும் நாம் பக்கவாத்தியம். நம் பாட்டுக்கு நாமே அடித்தது சேரிக்குள் மட்டும். வெளியே அடித்த அடிக்குக் கூலி என்பது கொஞ்சம் தானியம், ஒரு வேட்டி, சாராயம். வர மாட்டேன் என்றால் அடி விழும். இளையபெருமாள் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பறை அடிக்க மாட்டோம் என்ற போராட்டத்தை நடத்தியது இதனால்தான். ஞானஸ்நானம் வாங்கியவர்கள் பறையை விரும்பி விட்டதும் இதனால்தான்.

ஆகவே 1990களில் பறையை எரிப்பதா எடுப்பதா என்று நம் இயக்கங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தபோது இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. எரிக்கச் சொன்னவர்கள் இசையை வெறுத்தவர்கள் அல்ல, கட்டாயத்தை வெறுத்தவர்கள். பரட்டை அண்ணன் எடுப்போம் என்ற பக்கம் நின்றார். ஆனால் யாருக்காக எடுப்பது என்பதையும் சேர்த்துச் சொன்னார். நம் பாட்டுக்கு நாம் அடிப்போம், நம் மேசையில் வைத்து அடிப்போம். அவருடைய கல்லூரி வளாகத்தில் இருந்த தலித் ஆதார மையம் அந்த ஆண்டுகளில் மதுரையில் கலைவிழாக்கள் நடத்தியது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழுவில் இளம் பெண்கள் பறை எடுத்தார்கள். சாவு வீட்டுக்குப் பெண்ணை யாரும் அடிக்கக் கூப்பிட்டதில்லை. அதனால் அவள் கையில் பறை வந்தபோது பழைய கட்டாயத்தின் கறை அதில் இல்லை. இது நாம் இன்னும் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

ஆர்மோனியத்துக்கும் ஒரு கதை உண்டு. வெளிநாட்டுப் பெட்டி, நம் கமகத்துக்கு ஒத்துவராது என்று 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. 1971 வரை அந்தத் தடை தளரவில்லை. வானொலி நிலையத்துக்குள் நுழைய முடியாத அந்தப் பெட்டிதான் நாடக மேடையையும் கட்சி மேடையையும் கிராமத்துக் கோயில்களையும் தூக்கி நிறுத்தியது. பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியது அந்தப் பெட்டியை வைத்துத்தான். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடிய குழு அது. சின்ன வயதிலேயே அதில் சேர்ந்து, சுமார் பத்து வருடம் அண்ணன் பாட்டுக்கு வாசித்த தம்பியை உலகம் இன்று இளையராஜா என்று அறியும். அவர் தன்னை எந்த அடையாளத்துக்குள் வைத்துக்கொள்வார் என்பது அவர் விருப்பம், அதில் நாம் கை வைக்கப் போவதில்லை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று மட்டும்: அப்படி உடன் வாசித்த எத்தனையோ பேரில் பெயர் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர். மீதிப் பேர் பெட்டியை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

நம் பாகலூரிலிருந்து வடக்கே மாலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் கர்நாடகம். அங்கே நாம் பறை என்பதைத் தமட்டெ என்கிறார்கள். சிக்கபள்ளாப்பூர்ப் பக்கத்துத் தமட்டெக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025இல் பறைக்காகக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் முழுக்கத் தகுதியானவர்கள். கோலார் மண்ணில் தலித் சங்கர்ஷ சமிதி ஊர்வலம் போனபோது சித்தலிங்கையாவின் பாட்டு வாயிலிருந்து வாய்க்குப் போனது. பேச்சாளரே தேவைப்படவில்லை என்பார்கள். அதற்கும் முன்னால், அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ் அவருக்குப் பின் கோலார் தங்கவயல் சாம்பியன் ரீஃப்ஸிலிருந்து அப்பாத்துரையாரால் வெளிவந்தது. சுரங்கத்துக்கு இறங்கின நம் ஆட்கள் பத்திரிகையும் நடத்தினார்கள், பஜனையும் நடத்தினார்கள், சங்கமும் நடத்தினார்கள். ஆகவே இந்த எல்லையில் பாட்டுக்குழு என்பது மதுரையிலிருந்து வந்து சேர்ந்த சரக்கு அல்ல.

ஆனால் மதுரையில் இல்லாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கிறது. நம் குழுவில் பாட வருகிற பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். ரோஜாத் தோட்டத்தில் பூப் பறிக்கிற அம்மாக்களுக்குத் தென்மாவட்டத்துப் பேச்சுத் தமிழில் உள்ள பாட்டு பாதிதான் ஏறும். சிப்காட்டில் வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருக்கும் வெளிமாவட்டப் பெண்களுக்கு நம் ஊர்த் தமிழ் புதிது. பரட்டை அண்ணனின் பாட்டை அப்படியே பாடினால் அதுவும் ஒரு கீர்த்தனை ஆகிவிடும். எடுத்துக் கொடுக்கும் அடியைத் தெலுங்கிலும் திருப்பும் அடியைத் தமிழிலும் வைத்துப் பார்த்தோம். நன்றாகவே நிற்கிறது. தமட்டெ அடி மூன்று மொழிக்கும் பொது.

இங்கேதான் மேடையைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் முதல் மேடை ஏறியபோது நாமும் குதூகலித்தோம். கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில், அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால். பா. ரஞ்சித்தும் டென்மாவும் செய்தது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு நம் ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு பேண்ட் வேண்டும் என்று ஆசை வந்தது. கறுப்புச் சட்டை, நான்கு மைக், ஸ்மோக். பயிற்சி எடுத்த ஆறு பேர் மேடையில், மற்றவர்கள் கீழே கைபேசியை உயர்த்திக்கொண்டு. நம் அம்மாக்கள் முன்பு பாடினார்கள், இப்போது பார்க்கிறார்கள். பேண்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேண்ட் வந்ததும் பாட்டுக்குழு காலி ஆகிவிடுகிறது, அதைச் சொல்கிறோம். சுருதியை ஆறு பேருக்கு வைப்பதா அறுபது பேருக்கு வைப்பதா என்பதில் நாம் அறுபது பேர் பக்கம்தான்.

அறுபது பேருக்குச் சுருதி வைக்க ஓர் ஆள் வேண்டும். அவர் பாட்டு தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது. எந்த அக்காவுக்கு இன்று சளி, எந்தத் தம்பிக்குக் குரல் உடைகிறது என்று பார்த்து அரைக் கட்டை இறக்கத் தெரிய வேண்டும். எடுத்துக் கொடுப்பவர் அடியை மறந்தால் இரண்டு சுற்று வாசித்து நேரம் வாங்கித் தர வேண்டும். தமட்டெ அடிக்கிற உற்சாகத்தில் காலம் ஓடினால், பாடுபவர்களை விட்டுவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். முன்பு தோலை வைக்கோல் நெருப்பில் காய்ச்சி அடித்தோம். குளிர் ஏற ஏறத் தோல் தொய்யும், மறுபடி காய்ச்சுகிற நேரத்தில் பாடுபவர்கள் மூச்சு வாங்குவார்கள். இப்போது ஃபைபர் வந்துவிட்டது, தொய்வதே இல்லை, அடிப்பவர் நிற்பதும் இல்லை. அதனால் கீபோர்டுக்காரர் பாடு கூடிவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி மாறிவிடும் என்று பழைய ஆர்மோனியக்காரர்கள் கேலி செய்வார்கள். எப்போது அழுத்த வேண்டும் என்பதைப் பொத்தான் சொல்லாது.

எங்கள் குழுவில் இந்த வேலையைச் செய்கிறவர் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் இரவு. இரவு ஷிஃப்ட் முடித்து வந்த ஞாயிற்றுக்கிழமை தூங்காமல் பயிற்சிக்கு வருகிறார். கீபோர்டு சொந்தக் காசில் வாங்கியது, தவணை இன்னும் முடியவில்லை. பெட்ரோல் அவர் காசு. விழா நோட்டீஸில் ஒலிபெருக்கிக்காரர் பெயர் இருக்கும், பந்தல்காரர் பெயர் இருக்கும், இவர் பெயர் பல தடவை இருக்காது.

'ஆர்வத்துக்காகச் செய்கிறார், சம்பளத்துக்கு இல்லை' என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். தோழர்களே, கூலியில்லாமல் வாசிப்பது என்பது நமக்குப் பெருமையான சொல் அல்ல. அதற்கு நம் தாத்தாக்கள் வைத்திருந்த பெயர் வெட்டி. ஊருக்கு வெட்டி அடித்தவரின் பேரன் இயக்கத்துக்கு வெட்டி அடிக்கிறான் என்றால் என்ன மாறியிருக்கிறது? மாற்றம் ஓர் இடத்தில் இருக்கிறது. தாத்தாவால் வர மாட்டேன் என்று சொல்ல முடியாது. இவரால் முடியும். அந்த உரிமையை நாம் மதிக்கிறோமா? இரண்டு ஞாயிறு வராவிட்டால் 'சமூக உணர்வு குறைந்துவிட்டது' என்று பேசுகிறோம். அது ஊர்க் கவுண்டர் குரல்.

பரட்டை அண்ணன் பக்கத்தைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருக்குக் கல்லூரியில் சம்பளம் இருந்தது. பாட வருடா வருடம் புது மாணவர்கள் இருந்தார்கள். ஒலிநாடா வெளியிட நிறுவனம் இருந்தது. அவருடைய திறமை பெரியதுதான், ஆனால் அந்தத் திறமைக்குக் கீழே ஒரு கூரை இருந்தது. நம் ஆளுக்குக் கூரை கிடையாது. பரட்டை அண்ணனைப் போல் ஏன் நமக்கு ஒருவர் வரவில்லை என்று கேட்பதற்கு முன்னால், வந்தவருக்கு மழைக்கு ஒதுங்க என்ன வைத்திருக்கிறோம் என்று கேட்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. பாட்டுக்குழுவில் பாடுபவர்கள் பெரும்பாலும் பெண்கள், வாசிப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். சுருதியை ஆண் வைக்கிறான், அவனுக்கு வசதியான இடத்தில் வைத்துவிட்டு அம்மாக்களை மேலே கத்த விடுகிறான். திண்டுக்கல் பெண்கள் பறையை எடுத்து இவ்வளவு காலம் ஆகியும் நம் பகுதியில் ஒரு பெண்கூடக் கீபோர்டுக்கு முன்னால் உட்காரவில்லை. வேலை முடிந்து எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து அடுப்பு பற்ற வைக்கிறவளுக்குப் பயிற்சி நேரம் எங்கே என்று கேட்கலாம். அதற்கும் பரட்டை அண்ணன் பதில் வைத்திருக்கிறார். பயிற்சி நாளில் உலை ஒரே இடத்தில் கொதிக்கட்டும். ஆண்கள் சமைக்கட்டும்.

இந்த உரை அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது பின்பக்கத்தில் ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறோம். நம் கூட்டங்களில், ஊர்வலங்களில், அம்பேத்கர் பிறந்தநாள் விழாக்களில், கிறிஸ்துமஸ் இரவுகளில் உடன் வாசித்தவர்கள் உங்கள் தெருவில் யார் யார் என்று அதில் எழுதி, அவர்கள் சம்மதத்தோடு எங்களிடம் கொடுங்கள். உயிரோடு இருப்பவர்களை முதலில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு வரவுசெலவில் கீபோர்டின் மீதித் தவணை, பயிற்சி நாள் சாப்பாடு, வாசிப்பவருக்குப் போக்குவரத்துச் செலவு என்று மூன்று வரி சேர்க்கச் செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறோம். பந்தல் செலவைக் குறைத்தால் முடியும். கீபோர்டு கற்றுக்கொள்ள விரும்பும் பெண்கள் இரண்டு பேர் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவருக்குக் காலை ஷிஃப்ட், இன்னொருவருக்கு இரவு. வகுப்பை எந்த நேரத்தில் வைப்பது என்று இந்தக் கூட்டம் கலைவதற்குள் முடிவு செய்துவிடலாம்.